முற்றுப்புள்ளி வைத்ததால் வந்த வினை

இருபத்துமூன்று வயதுவரை நான் முற்றுப்புள்ளியைத் தோல்வியின் அடையாளமாகவே கருதிவந்தேன். சொல்வதற்கு ஒன்றுமில்லாதவன்தான் புள்ளி வைப்பான் என்பது என் கொள்கை. சரக்குள்ளவன் காற்புள்ளி போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். போகிற வழியில் ஓர் 'ஆகவே', இரண்டு 'இருப்பினும்', ஒரு 'என்பதோடு மட்டுமல்லாமல்' எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, பக்கத்தின் அடியில் போய் அவன் இளைப்பாறும்போது, வாசித்தவர் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். (இதுவரை யாரும் தட்டியதில்லை. வியப்பில் உறைந்துபோனார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.)

இந்த நோய் எனக்குச் சும்மா வரவில்லை. பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனியின் எசன் நகரத்துக்கு வந்து சேர்ந்த நான்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முதலில் டொச் மொழியைப் பிடித்தவன். (ஜெர்மன் மொழியை நாங்கள் டொச் என்போம், ஜெர்மன்காரரை டொச்சுக்காரர் என்போம்.) அப்பா தொழிற்சாலையிலும் அம்மா உணவகச் சமையலறையிலும் வேலை செய்த காலத்தில், கந்தோர்களுக்கு, அதாவது அரசாங்க அலுவலகங்களுக்கு, கடிதம் எழுதுவது என் தலையில் விழுந்தது. எழுதப் பழகுவதற்கு என்னிடம் இருந்த முன்மாதிரி, அந்தக் கந்தோர்களில் இருந்து எங்களுக்கு வந்த கடிதங்கள். அவற்றில் ஒரு வசனம் இந்தப் பக்கத்தில் தொடங்கினால் மறுபக்கத்தில்தான் முடியும். வாசித்து முடித்த பிறகு நாங்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்றே தெரியாது. அதுதான் உயர்ந்த டொச் என்று நம்பினேன். வளர்ந்ததும் அதைவிட உயர்ந்த டொச் எழுதத் தொடங்கினேன்.

வாசுகி அக்காவின் கல்யாணப் பேச்சு வந்தபோது நான் அந்தக் கலையின் உச்சத்தில் இருந்தேன்.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒரு பயிற்சி வகுப்புக்குப் போன இடத்தில் பீலெஃபெல்ட் நகரத்தைச் சேர்ந்த நிரோஷனைச் சந்தித்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. நிரோஷனின் அம்மா பவளம் மாமிக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவர் மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்து வைத்திருந்தார். ஒரு வருடத்துக்கு மேலாக 'ஏலாது' என்று நின்றவர், கடைசியில் கொஞ்சம் இறங்கிவந்து, "ஒருக்கா வந்து பாக்கிறன். ஆக்களைப் பாத்துப்போட்டுத்தான் சொல்லுவன்" என்றாராம். அதிலும் ஒரு நிபந்தனை. முடிவாகும்வரை வெளியில் ஒருவருக்கும் மூச்சுவிடக் கூடாது. நாலு பேர் அறிந்தால் நாவூறு பட்டுக் காரியம் கெட்டுவிடும் என்பது மாமியின் உறுதியான நம்பிக்கை.

அவர்கள் வரவிருந்த கிழமையின் தொடக்கத்தில் அக்கா என்னைத் தனியே பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஒரு நாள் ஒண்டும் பிழைக்கக்கூடாதடா. மாமி திரும்பவும் வேண்டாம் எண்டால், அவர் தாயை மீறி ஒண்டும் செய்யமாட்டார். எனக்குத் தெரியும்."

அக்கா கெஞ்சி நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் என் காதைத் திருகியே காரியம் சாதித்தவள். அந்த முகத்தைப் பார்த்ததும், இவளுக்காக மலையைப் புரட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. புரட்டினேன். அது எங்கள் மேலேயே விழுந்தது.

அப்பாவின் கவலை வேறு. நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி. எங்களுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் ஹெர் கொவால்ஸ்கி (ஹெர் என்றால் திரு) என்ற ஓய்வுபெற்ற பஸ் சாரதி தனியே இருந்தார். அவருக்கும் எங்களுக்கும் இடையில் இருந்த ஒரே பேச்சுவார்த்தை, அவர் தும்புத்தடியால் (நீண்ட துடைப்பத்தால்) தன் கூரையில் இடிப்பதுதான். அப்பா ஊருக்குத் தொலைபேசியில் கதைத்தால் கீழிருந்து மூன்று இடி வரும். அம்மா தேங்காய் உடைத்தால் நாலு இடி. (அப்பா ஊருக்குக் கதைக்கும்போது தொலைபேசியே தேவையில்லை, குரல் நேரே போய்ச் சேர்ந்துவிடும் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும்.)

"அவையள் வந்திருக்கேக்க இந்தாள் கீழ இருந்து இடிச்சால் மானம் போகும்" என்றார் அப்பா. "டொச்சுக்காரர் வீட்டில விழா வைச்சால் வாசல்ல ஒரு பேப்பர் ஒட்டுவினமெல்லோ, சத்தம் வரும், குறை நினையாதேங்கோ எண்டு. நாங்களும் ஒண்டு ஒட்டுவம். எழுது."

எழுது என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"சத்தம் வரும் எண்டு மட்டும் எழுதினால் வடிவில்லை" என்று அப்பா தொடர்ந்தார். "வாங்கோ எண்டும் ஒரு சொல் போடு."

"உண்மையா வந்தால் என்னப்பா செய்யிறது?"

"அவை எங்க வரப்போகினம்? மரியாதைக்குச் சொல்லுறதுதானே."

எங்களுக்கு இது விளங்கும். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யார் வாசலைக் கடந்து போனாலும் "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்போம். கூப்பிடப்பட்டவர் பட்டினியாகவே இருந்தாலும் "இப்பதான் சாப்பிட்டனான்" என்று சொல்லிவிட்டுப் போவார். இரண்டு பக்கமும் மரியாதை கெடாது, சோறும் குறையாது. தலைமுறை தலைமுறையாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு இது. இதில் டொச்சுக்காரர் சேர்ந்திருக்கிறார்களா என்று மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை.

இரண்டு மாலைப்பொழுதுகள் செலவிட்டு அறிவித்தலை எழுதினேன். ஒரே வசனம். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'பெருமதிப்பிற்குரிய அயலவர்களே, எதிர்வரும் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணியளவில் எமது இல்லத்தில் இடம்பெறவிருக்கின்ற, எமது குடும்பத்தைப் பொறுத்தவரையில் சிறப்புமிக்கதெனக் கருதப்படக்கூடிய நிகழ்வொன்றை முன்னிட்டு, தவிர்க்கவியலாத வகையில் எழக்கூடிய ஒலியையும், சமையலின் பொருட்டுப் பரவக்கூடிய வாசனையையும், தங்களுக்கே உரித்தான பெருந்தன்மையோடு பொறுத்தருளுமாறு வேண்டிக்கொள்வதோடு மட்டுமல்லாமல், தாங்களும் தங்கள் குடும்பத்தினரும்...' என்று போய், பக்கத்தின் கடைசி வரியில், சின்ன எழுத்தில், 'வருகை தந்து சிறப்பிக்குமாறு' என்று முடியும். இன்று நினைத்தாலும் அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. அந்தக் கடைசி வரிவரை உயிரோடு போய்ச் சேரக்கூடிய மனிதர் அந்தக் கட்டடத்தில் இல்லை.

அப்படியே கொண்டுபோய் ஒட்டியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. பாராட்டு வாங்கும் ஆசை யாரை விட்டது? முதலாம் மாடியில் காத்ரின் என்றொரு பெண் இருந்தாள். என்னைவிட ஓரிரு வயதுதான் கூட. ஏதோ எழுத்து வேலை செய்கிறாள் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். "எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துத் தருவீர்களா?" என்று பணிவோடு நீட்டினேன். பிழை இராது என்று எனக்குத் தெரியும். அவள் வாயைப் பிளப்பதைப் பார்க்கவே போனேன்.

அவள் என்ன எழுத்து வேலை செய்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. கந்தோர்களில் இருந்து வரும் கடினமான கடிதங்களை, யாருக்கும் விளங்கக்கூடிய எளிய டொச்சில் மாற்றி எழுதுவதுதான் அவளுடைய தொழில். நான் எந்தக் கடிதங்களைப் பார்த்து எழுதப் பழகினேனோ, அவற்றை அறுத்துத் துண்டுபோடுவதற்கு அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆடு தானாகவே நடந்து கசாப்புக் கடைக்குள் போயிருக்கிறது.

காத்ரின் ஒரு தரம் வாசித்தாள். மறுபடி வாசித்தாள். பிறகு, நோயாளியின் உறவினரோடு மருத்துவர் கதைக்கும் குரலில் கேட்டாள்.

"இது எங்கே மூச்சு விடுகிறது?"

"இது ஒரே வசனம்" என்றேன், பெருமையாக.

"அது தெரிகிறது. யார், எப்போது, என்ன செய்கிறார்கள்?"

பேனாவை எடுத்தாள். அவளுடைய வேலையில் சில விதிகள் இருந்தன. ஒரு வசனத்தில் ஒரு விசயம். விசயம் முடிந்தால் புள்ளி. ஒரு வரியில் ஒரு வசனம். எல்லா வசனத்தையும் ஒரே மாதிரித் தொடங்கி ஒரே மாதிரி முடித்தால், வாசிப்பவரின் கண் எங்கும் தடுக்காமல் இறங்கும் என்றாள். சொல்லிக்கொண்டே என் 'பெருந்தன்மை'யை வெட்டினாள். 'தவிர்க்கவியலாத'வை வெட்டினாள். 'என்பதோடு மட்டுமல்லாமல்' போனபோது எனக்குக் கண் இருட்டியது.

"கொண்டாட்டம் எதற்கு?"

"அது ரகசியம்."

ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டாள். பிறகு பக்கத்தின் அடிக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்தச் சின்ன எழுத்தை வாசித்தவுடன் முகம் மலர்ந்தது.

"எல்லோரையும் அழைக்கிறீர்களா? உண்மையாகவா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இல்லை, அது சும்மா ஒரு பேச்சுக்கு, தயவுசெய்து வந்துவிடாதீர்கள் என்று. மூஞ்சிக்கு நேரே கேட்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? என் கல்வி ஜெர்மனியில் நடந்திருக்கலாம், நாக்கு யாழ்ப்பாணத்தில் செய்தது.

"வேறென்ன! கட்டாயம் வர வேண்டும்" என்றேன்.

மறுநாள் அவளே அச்சடித்துக் கொண்டுவந்து தந்தாள். பெரிய காகிதம். பெரிய எழுத்து.

நாங்கள் சனிக்கிழமை கொண்டாடுகிறோம்.
நாங்கள் மூன்று மணிக்குத் தொடங்குகிறோம்.
நாங்கள் கொஞ்சம் சத்தம் போடுவோம்.
நாங்கள் நிறையச் சமைப்போம்.
நாங்கள் உங்கள் எல்லோரையும் அழைக்கிறோம்.

கீழே என் பெயர். வாசிக்கத் தெரியாதவர்களும் வஞ்சிக்கப்படக் கூடாது என்று, அதற்கும் கீழே ஒரு தட்டு, ஒரு முள்ளுக்கரண்டி, ஒரு கத்தியின் படம்.

எனக்கு அவமானமாக இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கொப்பிபோல இருக்கிறதே என்று மனம் வெந்தது. ஆனாலும் அவ்வளவு அன்போடு செய்து தந்ததை ஒட்டாமல் விடமுடியவில்லை. கட்டடத்தின் முன்கதவில் ஒட்டினேன். பின்கதவிலும் ஒட்டும்படி இரண்டாவது பிரதி தந்திருந்தாள்.

சனிக்கிழமை வந்தது. அம்மா நல்ல காரியம் என்று எல்லாம் மரக்கறியாகவே சமைத்திருந்தார். வடை, மரக்கறி ரோல்ஸ், பயத்தம் பணியாரம், முறுக்கு, கேசரி. விறாந்தை மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்தாயிற்று. மூன்று மணிக்கு வருகிறோம் என்று மாப்பிள்ளை பகுதி சொல்லியிருந்ததால், நாலரைக்கு வருவார்கள் என்று கணக்குப் போட்டு எல்லோரும் ஆறுதலாக இருந்தோம். அக்கா பாதிச் சேலையில் இருந்தாள்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னதாக மணி அடித்தது.

"ஐயோ, சொன்ன நேரத்துக்கே வந்திட்டினமே!" என்று அம்மா பதறினார். இப்படியும் ஒரு குடும்பமா என்ற திகில் அவருடைய குரலில் இருந்தது.

கதவைத் திறந்தேன். ஹெர் கொவால்ஸ்கி நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. தோளில், உட்காருவதற்கு ஒரு மடக்கு வாங்கு. மறுகையில், பெரிய கிண்ணம் நிறைய நூடில்ஸ் சாலட்.

"அழைப்புக்கு நன்றி" என்றார். தொண்டையைக் கனைத்தார். "இந்த வீட்டில் இத்தனை வருடமாக இருக்கிறேன். யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை."

அந்த ஒரு நொடி எனக்கு மனதைப் பிசைந்தது. அடுத்த நொடி அவருக்குப் பின்னால் படியைப் பார்த்தேன். கீழ்த்தளத்துத் தம்பதி கேக்கோடு வந்துகொண்டிருந்தார்கள். நாலாம் மாடிக் குடும்பம் குழந்தைகளோடு இறங்கிக்கொண்டிருந்தது. காத்ரின் ஒரு கூட்டமே திரட்டி வந்திருந்தாள். எல்லோரும் மூன்று மணிக்கு வந்தார்கள். மூன்று மணி என்று எழுதியிருந்ததே.

கால் மணிநேரத்துக்குள் எங்கள் வீட்டில் இருந்த அத்தனை கதிரைகளிலும் ஆள் இருந்தது. மாமிக்கென்று ஒதுக்கிவைத்த சோபாவில் நாலாம் மாடித் தாத்தா சாய்ந்துகொண்டார். ஹெர் கொவால்ஸ்கி குத்துவிளக்கை மரியாதையோடு ஓரமாக நகர்த்திவிட்டு, நிறைகுடத்துக்குப் பக்கத்தில் தன் சாலட்டை வைத்தார்.

அம்மா என் காதருகே வந்தார். "அதுக்குள்ள இறைச்சி கிடக்குதெல்லே?"

"ஓமம்மா. சொசேஜ்."

"எடு அதை."

"எப்பிடியம்மா எடுக்கிறது? அந்தாள் பக்கத்திலயே நிக்கிறார்."

அம்மா ஒரு துவாயைக் கொண்டுவந்து, சாலட்டுக்குக் குளிர்கிறது என்பதுபோலப் போர்த்திவிட்டார்.

அப்பா என்னைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"இவை வரமாட்டினம் எண்டு ஆர் சொன்னது?"

"நீங்கள்தான்."

"நான் ஒரு கதைக்குச் சொன்னது! உன்னை ஆர் விளங்கிற மாதிரி எழுதச் சொன்னது?"

என் எழுத்து வாழ்க்கையில் கிடைத்த முதல் விமர்சனம் அது.

வெளியே வடை பறந்துகொண்டிருந்தது. இவ்வளவு ருசியான ஓட்டைபோட்ட உருண்டையைத் தாங்கள் சாப்பிட்டதே இல்லை என்றார்கள். மாப்பிள்ளை பகுதிக்கென்று மூடிவைத்த தட்டையும் யாரோ அன்போடு திறந்துவிட்டார்கள். காத்ரின் எங்கே இடைவெளி இருந்தாலும் அங்கே பலூன் கட்டினாள். கீழ்த்தளத்து அம்மாள் என்னைக் கட்டியணைத்து, தங்கத்தாள் ஒட்டிய காகிதக் கிரீடம் ஒன்றை என் தலையில் வைத்தார். ஹெர் கொவால்ஸ்கி ரிப்பன் கட்டிய ஒரு கள்ளிச்செடியை என் கையில் தந்தார். கொண்டாட்டம், அடியில் என் பெயர், காரணம் கேட்டால் ரகசியம். வேறென்ன, பையனுக்குப் பிறந்தநாள் என்று கட்டடமே முடிவுகட்டியிருந்தது.

இல்லை என்று சொன்னால் பிறகு என்ன கொண்டாட்டம் என்பார்கள். சொன்னால் மாமியின் நாவூறு. ஆகவே, பிறந்தநாள் முடிந்து மாதக்கணக்காகிவிட்ட நான், கிரீடத்தோடும் கள்ளியோடும் நடுவில் நின்றேன். எல்லோரும் எழுந்து, கைகோத்து, பிறந்தநாள் பாட்டுப் பாடத் தொடங்கினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அன்றைக்குக் கீழிருந்து இடிப்பதற்கு ஆளில்லை. இடிக்கிற ஆள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை பகுதி படியேறி வந்திருக்கிறது.

நான் பார்க்கவில்லை. பிறகு அவர்கள் சொல்லித்தான் தெரியும். நிரோஷன் கீழே கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். பவளம் மாமி, மாமா, இரண்டு சித்திமார், ஒரு சித்தப்பா, எல்லோரும் பட்டும் பலகாரத் தட்டுமாக மூன்றாம் மாடி வாசலுக்கு வந்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையைக் காத்ரினின் பலூன் மறைத்திருந்தது. திறந்த கதவுக்குள் ஒரு மண்டபம் நிறைய வெள்ளைக்காரர். ஒரே ஒரு கறுத்தப் பெடியன், தலையில் கிரீடம், கையில் கள்ளி.

"வீடு மாறிப்போச்சு" என்றிருக்கிறார் சித்தப்பா. இறங்கிப்போய்விட்டார்கள். கீழே போய் நிரோஷனிடம் விலாசத்தைச் சரிபார்த்தபோது, விலாசம் சரிதான் என்று தெரிந்தது. அங்கேதான் மாமிக்குக் கோபம் தலைக்கேறியிருக்கிறது. ஒருவருக்கும் சொல்லாதே என்றால் ஊரையே கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள், பொம்பிளை பார்க்க வருகிற நாளில் வேறு யாருக்கோ பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள், இது எங்களைக் கேவலப்படுத்தத்தான். எடு காரை. நிரோஷன் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தான். அது படுக்கையறையில், விருந்தினரின் கோட்டுக் குவியலுக்கு அடியில் தனியாக அழுதுகொண்டிருந்தது.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்தபோது அக்கா சமையலறை வாசலில் நின்றாள். கண் சிவந்து, கன்னம் நனைந்திருந்தது.

"போகினமடா" என்றாள். "யன்னலுக்குள்ளால பாத்தனான். கார்ல ஏறீனம்."

நான் ஓடினேன். சப்பாத்துப் போடவில்லை. மூன்று மாடியும் காலுறையோடு வழுக்கி வழுக்கி இறங்கினேன். இறங்கும்போது எனக்கு வந்த பயத்தை இன்றும் மறக்கவில்லை. அக்காவின் வாழ்க்கையை ஒரு காகிதத்தால் கெடுத்துவிட்டேன் என்ற நினைப்பும் என்னோடு கூடவே இறங்கிவந்தது.

முற்றத்தில், பின்னால் எடுக்க முயன்ற காருக்குப் பின்னே ஹெர் கொவால்ஸ்கி கைகளை விரித்துக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்த கையோடு சிகரெட் பிடிக்கப் பின்படியால் இறங்கியிருக்கிறார். பட்டுச் சேலை கட்டியவர்கள் விழாவில் சாப்பிடாமல் திரும்புவதைக் கண்டதும், வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவருக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்து! விழா மேலே நடக்கிறது. கோப்பி குடிக்காமல் ஒருவரும் போக முடியாது. எங்கிருந்து வருகிறீர்கள்?"

"பீலெஃபெல்ட்" என்றான் நிரோஷன், உயிரில்லாத குரலில்.

ஹெர் கொவால்ஸ்கியின் முகம் பிரகாசித்தது. "அப்படி ஒரு ஊரே கிடையாதே!"

இது ஜெர்மனி முழுக்கச் சொல்லித் தேய்ந்த பகிடி. பீலெஃபெல்ட் என்று ஓர் ஊர் இல்லவே இல்லை என்று யாராவது சொல்ல, மற்றவர் சிரிக்க வேண்டும். அந்த ஊர்க்காரருக்கு அதைக் கேட்டுக் கேட்டு காது புளித்திருக்கும். நான் கதவடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது.

காரின் கண்ணாடி இறங்கியது. பவளம் மாமி தலையை வெளியே நீட்டினார். அப்பழுக்கில்லாத டொச்சில், என்னுடையதைவிட நூறு மடங்கு நல்ல டொச்சில் கேட்டார்.

"இல்லாத ஊரிலா நான் முப்பது வருடமாகப் பனி வழித்துக்கொண்டிருக்கிறேன்?"

ஹெர் கொவால்ஸ்கி காரின் கூரையில் தட்டித் தட்டிச் சிரித்தார். மாமியின் கடைவாய் ஓரம் மயிரிழை அளவு அசைந்தது. பிறகு அவருடைய பார்வை என்மேல் விழுந்தது.

"தம்பி ஆர்?"

"பொம்பிளையின்ர தம்பி, மாமி."

"தலையில என்ன?"

"கிரீடம், மாமி."

"கழட்டும். மேல என்ன நடக்குது?"

நான் என் பாணியில் தொடங்கினேன். "அது வந்து மாமி, அயலட்டைக்கு இடைஞ்சல் வரக்கூடாது எண்டதுக்காகவும், அப்பா மரியாதைக்கு ஒரு சொல் போடச் சொன்னதாலயும், அதைக் காத்ரின் எண்டவ திருத்தித் தந்ததில, அவ ஒரு இது, அதாவது கந்தோர்க் கடிதங்களை..."

மாமி கையை உயர்த்தினார். "தம்பி, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஒவ்வொண்டாச் சொல்லும்."

ஓடிவந்ததில் மூச்சும் இல்லை. அதனால் ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"அவை எங்கட அயலட்டை. நான் ஒரு அறிவித்தல் எழுதினன். நான் எல்லாரையும் வரச் சொன்னன். அவை எல்லாரும் வந்திட்டினம். அவைக்கு உங்கட விசயம் தெரியாது. அவை எனக்குப் பிறந்தநாள் எண்டு நினைக்கினம். எனக்குப் பிறந்தநாள் இல்லை."

"உம்மட அக்கா எங்க?"

"குசினிக்குள்ள. அழுறா."

அதோடு நிறுத்தினேன். வேறு சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மாமி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கார்க் கதவைத் திறந்து இறங்கி, சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு படியேறினார்.

மேலே எங்கள் வீட்டுக்குள் அவர் நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். நாலாம் மாடித் தாத்தா சோபாவிலிருந்து சிரமப்பட்டு எழும்பினார். மாமி அவரைத் தோளில் அழுத்தி மறுபடி உட்காரவைத்துவிட்டு, நேரே சமையலறைக்குள் போய்விட்டார். அதற்குமேல் அந்தச் சின்ன அறைக்குள் யாரும் நுழைய முடியவில்லை. உள்ளே மாமி, அம்மா, அக்கா. வெளியே நாங்கள். எண்ணெய் சீறும் சத்தமும், பேச்சுச் சத்தமும், கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்புச் சத்தமும் கேட்டன. அப்பா வெளியே நின்று, ஹெர் கொவால்ஸ்கி ஊற்றித் தந்த ஏதோ ஒன்றை என்னவென்று கேட்காமல் குடித்தார்.

வெகுநேரம் கழித்து மாமி கையில் எண்ணெய்க் கரண்டியோடு வாசலில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி டொச்சில் சொன்னார்.

"இன்றைக்கு யாருக்கும் பிறந்தநாள் இல்லை. இவள் என் மகனைக் கட்டப்போகிறாள். வடை இன்னும் இருக்கிறது."

மூன்றே வசனம். காத்ரின் என்னைத் திரும்பிப் பார்த்து, இப்படித்தான் எழுத வேண்டும் என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டினாள். ஆரவாரத்தில் நிறைகுடத்துத் தேங்காய் ஒருமுறை ஆடி நின்றது. ஹெர் கொவால்ஸ்கி நேரே வந்து என் கையிலிருந்த கள்ளிச்செடியைப் பிடுங்கி அக்காவிடம் கொடுத்தார். வீட்டுக்குள் இடம் போதாமல் ஆட்கள் படிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இரண்டாம் மாடியிலிருந்து நாலாம் மாடிவரை தட்டுகள் கைமாறிப் போயின. சித்தப்பா மாப்பிள்ளை பகுதியின் பலகாரத் தட்டையே எடுத்துப் பரிமாறினார். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு சந்தோசமான சனிக்கிழமை வந்ததில்லை. (துவாயால் போர்த்திய சாலட்டை நிரோஷனின் அப்பா கண்டுபிடித்து, மாமிக்குத் தெரியாமல் இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.)

கல்யாணம் அடுத்த கோடையில் நடந்தது. அழைப்பிதழை நானே எழுத வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டார். "ஆனா முற்றத்தில சொன்ன மாதிரி எழுதட்டும்." எழுதினேன். தந்தி மாதிரி ஓர் அழைப்பிதழ் என்று எங்கள் ஆட்கள் முகத்தைச் சுளித்தாலும், கூட்டத்துக்குக் குறைவில்லை. எங்கள் கட்டடத்தார் சொன்ன நேரத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை அதற்குப் பிறகுதான் வந்தார். ஹெர் கொவால்ஸ்கியின் தும்புத்தடி இன்றும் கீழிருந்து இடிக்கிறது. ஓர் இடி என்றால் எண்ணெய் மணக்கிறது, எனக்கும் இருக்கிறதா என்று பொருள்.

போன வருடம் அக்காவின் திருமணநாளுக்கு எல்லோரும் பீலெஃபெல்டில் கூடியிருந்தோம். சாப்பாட்டு மேசையில் நான் வழமைபோல இந்தக் கதையை எடுத்தேன். முற்றத்தில் நான் பேசிய கடைசி வசனம், 'அழுறா' என்ற அந்த ஒரு சொல், எப்படி மாமியின் மனதைக் கரைத்தது என்று உருகி உருகிச் சொன்னேன். அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எங்கயடா அழுதனான்? வடை முடிஞ்சுது எண்டு அம்மா வெங்காயத்தைத் தந்து வெட்டச் சொன்னவ."

நான் மெல்ல மாமியின் பக்கம் திரும்பினேன். அவர் நிதானமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "குசினிக்குள்ள கால் வைச்ச உடனேயே வெங்காயத்தைக் கண்டனான்."

"பிறகேன் மாமி நிண்டனீங்கள்?"

"பாதி வெங்காயம் வெட்டாமல் கிடந்தது தம்பி. அந்தப் பிள்ளை தனிய நிண்டு வெட்டிக்கொண்டு நிக்குது. எப்பிடி விட்டிட்டுப் போறது?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதற்காகக் கண் கலங்கினாலும், மாமி ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்.